ஏழையின் ஊர் எது? ஐரோப்பிய உதவி உடன்பாடு பற்றிய ஒரு திறனாய்வு

1953ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பாரிஸ் நகரில் கையெழுத்தாகி, 1954ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த உடன்பாடு ஒன்றை இங்கு நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம். 'சமூக, மருத்துவ உதவி பற்றிய ஐரோப்பிய உடன்பாடு' என்பது அதன் பெயர். அதனை உருவாக்கிய ஐரோப்பிய மன்றம் 1949இல் தோன்றியது. பின்னாளில் வளர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் வேறானது. ஒரு நாட்டுக் குடிமகன் பிழைப்புத் தேடியோ வேறு காரணத்தாலோ மற்றொரு நாட்டுக்குச் சென்று, அங்கே வேலையிழந்து, நோயுற்று, கையில் பொருளின்றி நிற்பானாயின், அவனுக்குச் சோறும் மருந்தும் தருபவர் யார்? சென்ற நாடா, பிறந்த நாடா? இக்கேள்விக்கு மேற்கு ஐரோப்பிய நாடுகள் கூடித் தந்த விடையே இவ்வுடன்பாடு.

வறுமையைப் பற்றியும் அரசின் கடமையைப் பற்றியும் நம் வட்டங்களில் பேச்சுக்குக் குறைவில்லை. கருத்தரங்குதோறும் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. ஆனால் அரசுகள் தம் கடமையை எந்தச் சொற்களால் ஏற்கின்றன, எந்தச் சொற்களால் அதனினின்று நழுவுகின்றன என்பதை அவற்றின் ஆவணங்களிலேயே தேடிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. ஐந்தாகமங்களை வரி வரியாகப் பிரித்து, இப்பகுதி எந்த மூல ஏட்டைச் சேர்ந்தது, எக்காலத்துக் குரல் இங்கே ஒலிக்கிறது என்று வகுப்பறையில் கேட்கப் பழகியவர்கள் நாம். அதே கேள்விகளை ஒரு சட்ட ஆவணத்திடமும் கேட்கலாம். கேட்டால், இந்தச் சிறிய ஆவணத்துக்குள் இரண்டு குரல்கள் இருப்பது தெரியவரும். ஒன்று இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. மற்றது அதனினும் மிகப் பழையது. அந்தப் பழைய குரல் திருச்சபையின் வாசலிலேயே பிறந்தது என்பதால் நம் வாசகர்களுக்கு அதனிடம் தனிப்பட்ட அக்கறை இருத்தல் வேண்டும்.

இதனைத் தமிழில் 'உடன்படிக்கை' என்பதா, 'உடன்பாடு' என்பதா என்பதும் ஒரு சிறு சிக்கலே. திருமறைத் தமிழில் உடன்படிக்கை என்னும் சொல் கடவுளுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவைச் சுமந்து நிற்கிறது. அதற்குள் வருபவன் அதன் ஒரு தரப்பாகிவிடுகிறான். இந்த ஆவணத்திலோ தரப்பினர் அனைவரும் அரசுகள். ஏழை எந்தத் தரப்பும் அல்லன். அவனைப் பற்றி மற்றவர்கள் பேசி முடித்த பேச்சு இது. ஆகவே 'உடன்பாடு' என்னும் எளிய சொல்லே போதும் என்று கொண்டோம்.

முதல் விதியின் பெருமை

முதல் விதியைப் பாராட்டியே ஆகவேண்டும். உடன்பாட்டில் சேர்ந்த ஒவ்வொரு நாடும், அதில் சேர்ந்த மற்ற நாடுகளின் குடிமக்கள் தன் எல்லைக்குள் சட்டப்படி வந்திருந்து, போதிய பொருள்வசதி அற்றவர்களாய் இருப்பின், தன் சொந்தக் குடிமக்களுக்குச் சமமாக, அதே நிபந்தனைகளின்மேல், தன் சட்டம் வழங்கும் சமூக உதவியையும் மருத்துவ உதவியையும் அவர்களுக்கும் வழங்குவதாக ஏற்கிறது. இங்கே இரக்கம் என்ற பேச்சு இல்லை. உரிமை என்ற பேச்சும், சமம் என்ற பேச்சுமே உள்ளன. வந்தவன் எத்தனை ஆண்டு அந்நாட்டில் இருந்தான் என்ற கேள்வி முதல் விதியில் எழவே இல்லை.

இதனைக் காப்பீட்டோடு குழப்பிக்கொள்ளலாகாது. காப்பீட்டில் தொழிலாளி சந்தா செலுத்தியிருக்கிறான். அவன் பெறுவது ஒருவகையில் அவன் கொடுத்ததே. சமூகக் காப்பீடு பற்றிய இரண்டு இடைக்கால உடன்பாடுகள் அதே நாளில் அதே நகரில் தனியாகவே கையெழுத்தாயின. நாம் எடுத்துக்கொண்ட உடன்பாடு பேசுவதோ எதையும் செலுத்தாதவனைப் பற்றி. எதையும் செலுத்தாதவனுக்கு, அதிலும் அயல்நாட்டானுக்கு, உதவி பெறும் உரிமை உண்டு என்று பல நாடுகள் கூடி எழுதிக் கையொப்பமிட்டது எளிய செயல் அன்று. போர் முடிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நேற்றுவரை பகைவராயிருந்த நாடுகளின் மக்கள் இந்த ஏட்டின்படி ஒருவர் வாசலில் ஒருவர் சமமாக நிற்கலாம் என்றாயிற்று.

நான்காம் விதி ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. உதவிக்கான செலவை உதவியை வழங்கிய நாடே ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம். மேலோட்டமாக வாசிப்பவருக்கு இது கணக்கர் எழுதிய வரியாகத் தோன்றும். ஆயின் பொது உதவியின் வரலாற்றில் நூற்றாண்டுகளாக நடந்த சண்டை, ஏழைக்குச் சோறிடுவதா வேண்டாமா என்பதைப் பற்றியதன்று; கணக்கை யாருக்கு அனுப்புவது என்பதைப் பற்றியது. அந்தச் சண்டையை நான்காம் விதி, கையொப்பமிட்ட நாடுகளுக்குள், முடித்துவைத்தது. ஏழையைக் காக்கும் சட்டப் பொறுப்புடைய உறவினர் போன்றோரிடமிருந்து செலவைத் திரும்பப் பெற நாடுகள் ஒன்றுக்கொன்று உதவலாம் என்று ஐந்தாம் விதி கூறுகிறது. ஒரு நாட்டின் கருவூலம் மற்றொரு நாட்டின் கருவூலத்தைத் துரத்த வழியில்லை. இவ்வுடன்பாட்டின் உண்மையான ஒத்துழைப்பு இந்த நான்காம் விதியில்தான் உள்ளது என்பது நம் கருத்து.

மற்றொரு குரல்

இரண்டாம் பகுதிக்கு வரும்போது சொற்களே மாறுகின்றன. உடன்பாட்டில் சேர்ந்த ஒரு நாட்டில் சட்டப்படி குடியிருக்கும் மற்ற நாட்டவரை, உதவி தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பலாகாது என்கிறது ஆறாம் விதி. நல்ல விதிதான். ஆனால் முதல் விதி 'வந்திருப்பவன்' என்றது. ஆறாம் விதி 'குடியிருப்பவன்' என்கிறது. வந்தவனுக்கும் குடியானவனுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. சோறு வந்தவனுக்கும் உண்டு. வெளியேற்றப்படாமல் இருக்கும் பாதுகாப்பு குடியிருப்பவனுக்கு மட்டுமே.

அந்தப் பாதுகாப்பையும் ஏழாம் விதி குறுக்குகிறது. 55 வயதுக்கு முன் வந்தவன் தொடர்ந்து 5 ஆண்டுகளும், 55 வயதுக்குப் பின் வந்தவன் தொடர்ந்து 10 ஆண்டுகளும் அந்நாட்டில் குடியிருந்திராவிட்டால், வறுமை என்ற ஒரே காரணத்துக்காகவே அவனைத் திருப்பியனுப்பலாம். அவன் பயணத்தைத் தாங்கும் உடல்நிலையில் இருத்தல் வேண்டும். குடியிருக்கும் நாட்டில் நெருங்கிய பிணைப்புகள் அற்றவனாயும் இருத்தல் வேண்டும். இந்த அதிகாரத்தை மிகுந்த அளவோடு, மனிதநேய நோக்கில் தடையில்லாதபோது மட்டுமே பயன்படுத்துவதாக நாடுகள் ஒப்புகின்றன. அனுப்பப்படுபவனின் துணைவியும் பிள்ளைகளும் உடன்செல்ல வசதி செய்து தரவேண்டும் என்றும் சேர்த்திருக்கின்றன. இந்த வரிகளில் பரிவு இல்லை என்று நாம் கூறமாட்டோம். வரைந்தவர்களுக்குத் தாம் எழுதுவது உறுத்தியிருக்கிறது என்பது வரிக்கு வரி தெரிகிறது.

55 என்னும் எண்ணுக்கு உடன்பாடு காரணம் எதையும் கூறவில்லை. உழைக்கும் ஆண்டுகளைக் கொண்டுவருபவன் 5 ஆண்டில் ஊரானாகிவிடுகிறான். உழைப்பு ஓயும் வயதில் மகனையோ மகளையோ தேடி வரும் தாய்க்கு 10 ஆண்டு வேண்டும். ஏழையின் தேவையை அளக்கும் கோல் இங்கே மறைந்து, அவன் தரக்கூடிய உழைப்பை அளக்கும் கோல் வந்துவிட்டது.

பதினான்காம் விதியை மாணவர்கள் இரண்டு முறை வாசித்தல் நலம். ஏழாம் விதிக்காக ஒருவனுடைய ஆண்டுகளை எண்ணும்போது, அவன் பொதுப் பணத்திலிருந்து உதவி பெற்ற காலம் கணக்கினின்று நீக்கப்படும் என்று அது கூறுகிறது. கடும் நோய்க்கான சிகிச்சைக்கும் குறுகிய கால மருத்துவத்துக்கும் மட்டுமே விலக்கு. நான்கு ஆண்டு உழைத்து, பின்னர் வேலையிழந்து மூன்று ஆண்டு உதவி பெற்றுவந்த ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் அங்கே வாழ்ந்தது ஏழு ஆண்டுகள். வாடகை கொடுத்த வீடு அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் படித்த பள்ளியும் அங்கேதான் இருக்கிறது. உடன்பாட்டின் கணக்கிலோ அவன் வாழ்ந்தது நான்கே ஆண்டுகள். மீதி மூன்று ஆண்டும் அவன் எங்கும் இல்லை.

முதல் விதி அவனுக்கு உரிமை உண்டு என்றது. அந்த உரிமையை அவன் பயன்படுத்தும் ஒவ்வொரு மாதமும் அவனுடைய குடியிருப்பில் ஒரு மாதத்தைத் தின்றுவிடுகிறது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்குவது என்பார்கள்; இங்கே வாங்கப்படுவது பணமன்று, அவன் வாழ்ந்த காலம்.

இவ்வளவுக்கும், குடியிருப்பை மெய்ப்பிக்கும் முறையில் உடன்பாடு தாராளமாகவே நடந்துகொள்கிறது. அந்நாட்டில் ஏற்கப்படும் எவ்வகைச் சான்றும் போதும். தொழில் செய்ததற்கான சான்று, வாடகை ரசீது ஆகியவை எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டுள்ளன. அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கக் கவனக்குறைவால் தவறியவன் அதனால் மட்டும் உதவியை இழக்கமாட்டான். மூன்று மாதத்துக்குக் குறைந்த காலம் வெளியே சென்றுவந்தால் தொடர்ச்சி அறுபடாது. ஊரைவிட்டுப் போய் வந்தவனை மன்னிக்கத் தெரிந்த ஆவணம், ஊரிலேயே இருந்து உதவி பெற்றவனை மன்னிக்கவில்லை.

ஒரே ஆவணத்துக்குள் இப்படி இரண்டு குரல்கள் ஒலிப்பது நம் வாசகர்களுக்குப் புதிதன்று. உபாகமத்தின் பதினான்காம் அதிகாரம் மூன்றாம் ஆண்டுத் தசமபாகத்தை அந்நியனும் உண்டு திருப்தியடையும்படி ஊர் வாசலிலே வைக்கச் சொல்கிறது. அதே அதிகாரம், சற்று முன்பாக, தானாய் இறந்த விலங்கின் இறைச்சியை இஸ்ரவேலர் உண்ணலாகாது, அந்நியனுக்குக் கொடுத்துவிடலாம் என்றும் அனுமதிக்கிறது. எண் ஒற்றுமை தற்செயலானதுதான்.

பழைய ஏடு

இந்த இரண்டாம் குரலின் பிறப்பிடத்தைத் தேடினால் இங்கிலாந்தின் 'பாரிஷ்' அமைப்புக்கு வந்து சேர்கிறோம். நம் சேகரத்தை ஒத்தது அது. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், ஒவ்வொரு பாரிஷிலும் ஆலயக் கண்காணிகளோடு வசதியுள்ள குடும்பத் தலைவர் சிலரையும் சேர்த்து, வரி தண்டி ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்புவித்தது. வழிபாட்டுக்கென வகுக்கப்பட்ட எல்லையே வரியின் எல்லையாகவும் ஆயிற்று. எல்லை என்று ஒன்று வந்தபின் 'நம் ஏழை', 'அவர்கள் ஏழை' என்ற பிரிவு வராமல் இருக்குமா?

1662இல் வந்தது. ஆண்டு வாடகை 10 பவுனுக்குக் குறைந்த வீட்டில் குடியேறும் எவனையும், பின்னாளில் அவன் ஊருக்குப் பாரமாகக்கூடும் என்ற ஐயத்தின்பேரிலேயே, 40 நாள்களுக்குள் அவனுடைய பழைய ஊருக்கு அகற்ற அவ்வாண்டின் சட்டம் இடமளித்தது. புகார் செய்யும் அதிகாரம் ஆலயக் கண்காணிகளுக்கும் ஏழைகள் கண்காணிப்பாளருக்கும் இருந்தது. ஆணை பிறப்பிப்பவர் இரு நீதிபதிகள். 1697இல், உதவி பெறுவோர் தம் பாரிஷின் முதல் எழுத்தும் ஏழை என்பதைக் குறிக்கும் எழுத்தும் பொறித்த துணியை வலத் தோளில் அணியவேண்டும் என்றாயிற்று. இது நீங்க 1810 வரை காத்திருக்க நேர்ந்தது. 1776இல் ஆடம் ஸ்மித் இந்தக் குடியுரிமைச் சட்டங்களைக் கடுமையாகச் சாடினார். அவருடைய கவலை பெரும்பாலும் தொழிலாளரின் நடமாட்டத்தைப் பற்றியது. எனினும், ஏதும் குற்றம் செய்யாத மனிதனை அவன் தேர்ந்த ஊரிலிருந்து அகற்றுவது இயல்பான உரிமைக்கு மாறானது என்பதை அவர் மறக்கவில்லை.

1795இல் ஒரு திருத்தம் வந்தது. பாரமாகக்கூடும் என்ற ஐயம் மட்டும் போதாது, உண்மையிலேயே உதவி கேட்டு வந்தால்தான் அகற்றலாம் என்றாயிற்று. பயணத்தைத் தாங்கமாட்டாத நோயாளியை அகற்றும் ஆணையை நிறுத்திவைக்கவும் வழி பிறந்தது. 1953ஆம் ஆண்டு உடன்பாட்டில் நாம் கண்ட 'பயணத்தைத் தாங்கும் உடல்நிலை' என்னும் நிபந்தனையை இங்கேயே காண்கிறோம். ஆயின் மணமாகாமல் கருவுற்ற பெண்ணை, அவள் உதவி கேளாவிட்டாலும், பாரமானவளாகவே கருதலாம் என்று அதே சட்டம் கூறிற்று. மணவாழ்க்கைக்கு வெளியே பிறக்கும் குழந்தை பிறந்த ஊருக்கு உரியதாகிவிடும் என்பதால், பேறுகாலத்துக்கு முன்பே அவளை எல்லைக்கு அப்பால் சேர்த்துவிடக் கண்காணிகள் விரைந்தனர். ஞாயிறு வழிபாட்டில் காணிக்கைத் தட்டைப் பிடித்தவர்களும் அவர்களே.

1846ஆம் ஆண்டின் சட்டம் நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது. ஒரு பாரிஷில் 5 ஆண்டு தொடர்ந்து குடியிருந்தவனை அங்கிருந்து அகற்றலாகாது என்று அது விதித்தது. உடனே ஒரு விலக்கும் சேர்த்தது. சிறையில் கழித்த காலம், படையில் பணிபுரிந்த காலம், மனநோய் இல்லத்தில் அடைபட்டிருந்த காலம், எந்தப் பாரிஷிலிருந்தேனும் உதவி பெற்ற காலம் ஆகியன அந்த 5 ஆண்டில் சேரா. உதவி பெற்றவன் யாரோடு வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கிறான் என்பதைக் கவனிக்கவேண்டும். சிறைக்கைதியும் அவனும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றனர். அதன் மறு ஆண்டே, அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பி லிவர்ப்பூல் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களில் ஏறக்குறைய 15,000 பேர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்கள் போய்ச் சேர்ந்தது பஞ்சத்துக்கே.

ஐந்து ஆண்டு என்பது 1861இல் மூன்றாகவும், 1865இல் ஒன்றாகவும் குறைந்தது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் ஏழைகள் சட்டம் முழுவதையுமே முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்த ஏடு மூடப்பட்டு ஐந்து ஆண்டு கழிந்தபின் வந்த அனைத்து நாட்டு உடன்பாட்டில் அதே 5 ஆண்டும், அதே கழித்தலும் மீண்டும் தலைகாட்டுகின்றன.

ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளிலும் இதற்கு முன்வடிவம் உண்டு. 1851ஆம் ஆண்டு கோத்தா நகரில் ஜெர்மன் அரசுகள் பல கூடி, ஒருவர் அகற்றும் தம் குடிகளை மற்றவர் திரும்ப ஏற்பது என்று ஒப்புக்கொண்டன. 1853இல் ஐசனாக் நகரில், திருப்பியனுப்ப இயலாத நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கவும் இறந்தவர்களை அடக்கம் செய்யவும், அச்செலவை மற்ற அரசின் பொதுப் பணத்திலிருந்து கேளாதிருக்கவும் ஒப்புக்கொண்டன. நான்காம் விதியின் மூதாதையை ஐசனாக்கில் காண்கிறோம். அங்கே அது நோயாளிக்கும் பிணத்துக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. நடக்க முடிந்தவனை நடத்தி அனுப்பிவிட்டார்கள்.

1953இல் வரைந்தவர்கள் 1846ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்று நாம் வாதிடவில்லை. வடிவத் திறனாய்வு அறிந்தவர்களுக்கு அது தேவையுமில்லை. ஒரே வாழ்க்கைச் சூழல் ஒரே வடிவத்தைப் பிறப்பிக்கிறது. இந்த வடிவத்தின் வாழ்க்கைச் சூழல் வரி செலுத்துவோரின் கூட்டம். வரி செலுத்துவோர் தம்மை ஊர் என்று கருதிக்கொள்ளும் இடத்திலெல்லாம், வாங்கி உண்ட காலம் ஊரில் வாழ்ந்த காலம் ஆகாது என்ற எண்ணம் முளைக்கும்.

வழக்கொழிந்த விதியா?

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படலாம். இரண்டாம் பகுதி செத்த எழுத்து. இன்று பெரும்பாலான மேற்கு ஐரோப்பியரின் நடமாட்டத்தை ஒன்றியத்தின் சட்டமே ஆள்கிறது. பழைய விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு வருந்துவானேன் என்பர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஐரோப்பிய மன்றத்தின் 46 உறுப்பு நாடுகளில் பாதிகூட இவ்வுடன்பாட்டில் சேரவில்லை. எனினும் முதல் விதி உயிரோடு இருக்கிறது என்பதை ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கு காட்டிற்று. அதன் பின்விளைவு, இரண்டாம் பகுதியின் மனப்பான்மையும் உயிரோடுதான் இருக்கிறது என்பதைக் காட்டிற்று.

வேலை தேடும் நோக்கத்துக்காக மட்டும் ஜெர்மனியில் தங்கியிருக்கும் அயல்நாட்டாருக்கு அடிப்படை வாழ்க்கை உதவி இல்லை என்று அந்நாட்டுச் சட்டம் கூறிற்று. 2010ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், பிரெஞ்சுக் குடிமகன் ஒருவரின் வழக்கில், கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் அந்தத் தடை அவருக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. காரணம், 1953ஆம் ஆண்டு உடன்பாட்டின் முதல் விதி. ஐம்பத்தேழு ஆண்டுக்கு முன் எழுதிய வாக்குறுதியை ஓர் ஏழை நீதிமன்றத்தில் நீட்டினார், அது செல்லுபடியாயிற்று. திறனாய்வாளர் என்ற முறையில் இது நமக்கு மகிழ்ச்சி தரும் இடம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. புதிய சட்டங்களைப் பட்டியலில் சேர்க்க அறிவிக்கும்போது, மற்ற நாட்டவர்க்கு அவற்றை வழங்குவதில் விலக்குக் கோரலாம் என்று பதினாறாம் விதி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் ஜெர்மன் அரசு அந்தக் கதவு வழியாக வெளியேறிற்று. வேலை தேடுவோர்க்கான அடிப்படை உதவி மற்ற நாட்டவர்க்குக் கிடையாது என்று அறிவித்தது. வழக்கில் தோற்ற தரப்பு, விதியின் ஓரத்தில் குறிப்பு எழுதி வழக்கை வென்றதற்கு ஒப்பாகும் இது. சட்டம் அதற்கு இடமளித்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த விலக்கு செல்லும் என்று 2015இல் அதே நீதிமன்றமே ஏற்றது. 2016 டிசம்பரில் வந்த புதிய சட்டம், ஒன்றியத்தின் வேறு நாட்டுக் குடிமக்களில் வேலையோ தங்கும் உரிமையோ அற்றவர்களை வழக்கமான உதவியினின்று விலக்கி, ஊர் திரும்பும்வரை ஏறக்குறைய ஒரு மாதத்துக்கான இடைக்கால உதவியை மட்டும் விட்டுவைத்தது. விலக்கு எத்தனை ஆண்டுக்கு? 5 ஆண்டுக்கு. 1846இல் பாரிஷ் கூட்டத்தில் கேட்ட எண் 2016இல் பெர்லினில் மீண்டும் கேட்டது.

ஆகவே பதினான்காம் விதியை வழக்கொழிந்தது என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. அதனை நீக்கும் திருத்தம் ஒன்றே நேர்மையானது. மற்ற விதிகளின் குறைகளைப் பற்றி நாடுகளுக்குள் பேச்சுக்கு இடமுண்டு: 5 ஆண்டா 3 ஆண்டா, 55 வயதா 60 வயதா என்று பேரம் பேசலாம். உரிமையைப் பயன்படுத்தியதையே உரிமை இழப்புக்குக் காரணமாக்கும் விதியில் பேரத்துக்கு இடமில்லை.

பின்னிணைப்பு

முதன்மை உடன்பாட்டோடு அதே நாளில் ஒரு பின்னிணைப்பும் கையெழுத்தாயிற்று. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்பாட்டின்படி அகதிகளாய் ஏற்கப்பட்டவர்களுக்கு முதல் பகுதியின் உதவி உரிமையை அது விரித்தது. திருப்பியனுப்புதல் பற்றிய இரண்டாம் பகுதி அவர்களுக்குப் பொருந்தாது என்றும் கூறிற்று. நாடற்றுப் போனவனே இவ்வேட்டில் மற்றெல்லாரையும்விடப் பாதுகாப்பாக நிற்கிறான். அவனைத் திருப்பியனுப்ப ஓர் ஊர் இல்லையல்லவா? ஊர் இருப்பவனுக்குத்தான் ஊரைக் காட்டி வெளியேற்றும் ஆபத்து. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் சென்ற தமிழரில், அகதி என்ற தகுதி ஏற்கப்பட்டவர்கள் இந்தப் பின்னிணைப்பின் நிழலில் வந்தனர். விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் வரவில்லை.

காத்திருப்போருக்கென 1993இல் ஜெர்மனி ஒரு தனிச் சட்டம் இயற்றி, மற்ற ஏழைகளுக்குத் தருவதைவிடக் குறைந்த உதவியை வகுத்தது. அத்தொகை பல ஆண்டுகள் உயர்த்தப்படாமலே கிடந்தது. 2012ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அது போதாது என்று தீர்ப்புக் கூறிற்று. குடியேற்றத்தைத் தடுக்கும் கொள்கையைக் காரணம் காட்டி மனித மாண்பின் அளவைக் குறைக்க இயலாது என்பது தீர்ப்பின் உயிர்நாடி. எத்தனை ஆண்டு இருந்தான் என்று கேளாமல், இன்று உயிர் வாழ அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்ட தீர்ப்பு அது. முதல் விதியின் குரல் ஓய்ந்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம் மாநிலங்கள்

நம் நாட்டில் மாநிலங்களுக்கு இடையே இதே கேள்வி வேறு வடிவில் எழுந்துள்ளது. இந்தியக் குடிமகன் நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்க அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. வறுமைக்காக அவனை ஒரு மாநிலம் மற்றொரு மாநிலத்துக்கு அகற்ற முடியாது. இவ்வகையில் நாம் 1953ஆம் ஆண்டு ஐரோப்பாவைவிட ஒரு படி மேலே நிற்கிறோம். ஆயின் குடும்ப அட்டை நெடுங்காலம் ஒரு கடையோடு கட்டப்பட்டிருந்தது. 2019இல் சில மாநிலங்களில் தொடங்கிய 'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2021 ஜூன் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் இதனை நிறைவேற்றவேண்டும் என்று காலக்கெடு விதித்தது; 2022 ஜூனில் அசாம் சேர்ந்ததோடு வட்டம் நிறைந்தது.

இதில் மாநிலங்கள் செலவுக்காகச் சண்டையிடவில்லை. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தானியத்தின் மானியச் சுமை மத்திய அரசினுடையது. முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. 2023 ஜனவரி முதல் விலையில்லாமல். ஆனால் இரண்டு ஏற்பாடுகளின் அடிப்படையும் வேறு. ஐரோப்பிய உடன்பாட்டின்படி வந்தவன் பக்கத்து வீட்டுக்காரன் பெறுவதைப் பெறுகிறான். நம் ஏற்பாட்டின்படி அவன் தன் ஊரில் பெற்றிருக்கக்கூடியதைச் சுமந்துகொண்டு வருகிறான். வந்தாரை வாழவைக்கும் நாடு என்று நாம் பெருமையாய்ச் சொல்லிக்கொள்வதுண்டு. பீகாரிலிருந்து வந்து திருப்பூரில் பனியன் தைப்பவன் மத்தியத் தொகுப்பின் 5 கிலோ தானியத்தைத் திருப்பூர்க் கடையில் வாங்கலாம். தமிழ்நாடு அரசு தன் சொந்தச் செலவில் இந்த மாநில அட்டைக்கு வழங்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் அந்த அட்டைக்குக் கிடையா. முதல் விதி திருப்பூரில் இருந்திருந்தால் அவனுக்குப் பருப்பும் கிடைத்திருக்கும். பதினான்காம் விதியும் உடன் இருந்திருந்தால், அவன் பருப்பு வாங்கிய மாதங்களைக் கடைக்காரர் ஒரு தனி நோட்டில் குறித்துவைத்திருப்பார்.